பாங்காக் சாண்ட்விச்சும் என் மூக்கும்

மாட்டிறைச்சியை நான் தின்றதில்லை, இனியும் தின்னப் போவதில்லை. ஆனால் அது காலையில் அறுத்ததா முந்தின நாள் அறுத்ததா, வெந்துவிட்டதா இன்னும் ஒரு கொதி வேண்டுமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். எங்கள் வீட்டில் மீன் உண்டு, எப்போதாவது ஆடு உண்டு, மாடு என்ற பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கட்டிக்கொண்ட மனுஷனால் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் சமையல்காரர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தவர்கள் நாங்கள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே, பாங்காக்கில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழர் வீட்டுக்குச் சமைக்கப் போனார். அங்கிருந்து அமெரிக்கப் பட்டாளத்துக்காரர்கள் சாப்பிடுகிற கேண்டீனுக்கு மாறினார். வியட்நாமில் சண்டை நடந்த காலம். சண்டை முடிந்து பட்டாளம் மூட்டை கட்டியபோது இவரும் ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீடிருந்த கரமனையில் வந்து இறங்கினார். நடுவில் இரண்டு தடவை லீவில் வந்து போனதோடு சரி. மற்றப் பெண்கள் பிள்ளை பெற்று வளர்த்த வருஷங்களில் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெருவே எட்டிப் பார்த்தது. இருந்ததெல்லாம் நாலு சட்டை, ஒரு நீளக் கத்தி, மீனை உப்பில் ஊறவைத்து வடித்த பழுப்புத் தண்ணீர் சில போத்தல்கள். மீன்தண்ணி என்றார். மூடியைத் திறந்ததும் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "இதெல்லாம் சும்மா. சரக்கு இங்ஙன இருக்கு" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

பட்டாளத்துக்காரர்களுக்கு உயிரான ஒரு பண்டம் உண்டாம். மாட்டிறைச்சியை மெல்லிய தீயில் மூன்று நாலு மணி நேரம் வேக வைத்து, மெலிதாகச் சீவி, இரண்டு துண்டு ரொட்டிக்கு நடுவில் அடுக்கி, மேலே கொதிக்கக் கொதிக்க அதன் சாற்றை ஊற்றிவிடுவது. ரொட்டி ஊறிப்போய், முள்கரண்டி இல்லாமல் தின்ன முடியாது. அவர்கள் நாட்டில் அதில் உப்பும் மிளகும் தவிர பெரிதாக ஒன்றும் கிடையாது. கேண்டீனில் இவரோடு வேலை பார்த்த பாங்காக் ஊர்க்காரி ஒருத்தி ஒருநாள் அந்தச் சாற்றில் எலுமிச்சை மணக்கிற புல்லையும் அரத்தைக் கிழங்கையும் தட்டிப் போட்டு, மீன்தண்ணி விட்டு, இறக்கும்போது பச்சைமிளகாயும் ஒரு கை பச்சிலையும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தாளாம். அதற்குப் பிறகு வரிசையில் நின்றவன் எவனும் பழைய சாற்றைக் கேட்கவில்லை. "கோவளத்துல வெள்ளக்கார சாயிப்புமாரு வந்து குவியுதானுவ. ஒரு தடவை தின்னான்னா பொறவு விடமாட்டான்" என்பார். வேலை தேடி அலைந்த நாட்களிலும் அதைச் சொல்லும்போது முகம் தெளிந்துவிடும்.

அந்த வருஷ மழையில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தேறி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, ஒருநாள் காலையில் நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பால் அடிப்பிடித்துக் கருகுகிற நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது. ஓடிவந்து பார்த்தால், அடுப்புக்குப் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு மனுஷன் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறார். வாயில் வந்தபடி ஏசினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

"ஒண்ணும் தெரியல ஏளா. காய்ச்சலுக்குப் பொறவு ஒரு மணமும் இல்ல. காப்பி இல்ல, பீடி இல்ல, சோப்பு இல்ல."

ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சிலருக்கு இப்படி ஆகும், திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார்கள். வரவில்லை. உப்பும் புளிப்பும் எரிப்பும் நாக்குக்குத் தெரிந்தது. மற்றபடி எதைத் தின்றாலும் அவருக்குச் சூடு, அல்லது குளிர், அவ்வளவுதான். சமையல்காரன் மூக்கு செத்தவன் என்று வெளியில் தெரிந்தால் எந்த அடுக்களையில் ஏற்றுவார்கள்? யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு தொழில் ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்கிற ஆள்.

அப்படியிருக்கும்போதுதான் கோவளத்தில் ஒரு புது ஓட்டல் முதலாளி, வெளிநாட்டுச் சமையல் தெரிந்த ஆள் வேண்டும், வந்து ஒருநாள் சமைத்துக் காட்டட்டும் என்று சொல்லி அனுப்பினார். இவர் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "எழுந்திரியும். மூக்குதானே வேணும்? எனக்கு ஒண்ணு இருக்குல்லா" என்றேன்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் சாமிக்குப் படைக்கிற சமையலை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. படைத்து முடிகிற வரை எச்சில் படக் கூடாது. அதனால் ஆவியை மோந்தே உப்பு போதுமா, பருப்பு வெந்ததா, புளியின் பச்சை மணம் போயிற்றா என்று கண்டுபிடிக்க வேண்டும். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் பானை பானையாக அப்படிச் சமைத்துப் பழகிய கை என்னுடையது. ஆகவே மாட்டை நான் தின்ன வேண்டிய அவசியமே இல்லை, ஆவி போதும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

கரமனையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் மாட்டிறைச்சி வேக வைத்தால் அன்றைக்கே சட்டி பானையைத் தெருவில் எறிந்துவிடுவார்கள். பக்கத்துத் தெரு முழுக்க அக்கிரஹாரம். அதனால் பிஞ்சுப் பலாக்காயை இறைச்சி என்று வைத்துக்கொண்டோம். புல், போனக்காடு எஸ்டேட்டிலிருந்து சாமான் வாங்க இறங்கி வருகிறவர்கள் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு இருமலுக்கு இழைத்துக் கொடுக்கிற அரத்தை சாலைக் கடைத்தெரு மருந்துக்கடையில் கிடைத்தது. பாங்காக்கில் ஏதோ ஒரு எலுமிச்சை இலை போடுவார்களாம், நாங்கள் நாரத்தை இலையைக் கிள்ளிப் போட்டோம். சாறு கொதிக்கும்போது நான் குனிந்து மோப்பேன். அவர் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். அவர் நாக்கும் என் மூக்கும் சேர்ந்து ஒரு சமையல்காரன்.

மீன்தண்ணியை விட்டதும் முதலில் எழும்புகிற நாற்றம் கொஞ்ச நேரத்தில் அடங்கி, வறுத்த தேங்காய் மாதிரி ஒரு மணமாக மாறும். அதுதான் இறக்குகிற நேரம் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்றைக்கு அவர் என்னை மெச்சிய மெச்சில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசிப் பச்சிலையில்தான் சண்டை வந்தது. "நம்ம துளசியேதான் ஏளா, அச்சு அசல் துளசி" என்றார். பின்வாசலில் மண்ணெண்ணெய் டின்னில் நான் வளர்த்துத் தினமும் விளக்கு வைக்கிற துளசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மாட்டுச் சாற்றில் துளசியா? அதில் கை வைத்தால் நாளைக்கே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிவிடுவேன் என்றேன். ஆனால் அந்த இலை இல்லாமல் சாறு மொட்டையாக நின்றது என் மூக்குக்கே தெரிந்தது. மறுநாள் ஆற்றங்கரைப் புதரிலிருந்து நாய்த்துளசியைப் பறித்துக்கொண்டு வந்தேன். பேரைப் போலவே, அதை யாரும் கும்பிடுவதில்லை. கொதிக்கிற சாற்றில் விழுந்ததும் அது எலுமிச்சையும் துளசியுமாக மணந்தது. சாமிக்கும் சாயிப்புக்கும் தகராறு இல்லாமல் தீர்த்துவைத்தேன்.

ஓட்டலில் சமைத்துக் காட்டுகிற நாளில் நானும் கூடப் போனேன். அடுக்களைக்குள் பெண்ணாட்களை விடுவதில்லை. பின்பக்கக் குழாயடியில், பாத்திரம் கழுவிக் கொடுக்க வந்தவளாக நின்றேன். அவர் கரண்டியைக் கழுவ வருகிற மாதிரி வந்து வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். முதல் முறை மாட்டின் ஆவி மூக்கில் ஏறியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றேன். பிறகு, "போதும், இறக்கிக்கிடும்" என்றேன். முதலாளி முழுத் தட்டையும் வழித்துத் தின்றுவிட்டு, "கொள்ளாம், கேட்டோ" என்றார். மலையாளத்தில் அதைவிடப் பெரிய பாராட்டை அவர் வாயிலிருந்து நான் பிறகும் கேட்டதில்லை. பலகையில் பாங்காக் சாண்ட்விச் என்று எழுதி வாசலில் வைத்தார்கள். எனக்கும் பாத்திரம் தேய்க்கிற வேலை கிடைத்தது. கேட்டு வாங்கினேன் என்பதுதான் சரி.

தினமும் காலையில் கிழக்கேகோட்டையிலிருந்து இரண்டு பேரும் கோவளம் பஸ் ஏறுவோம். இறைச்சி வந்ததும் கழுவுகிறது என் வேலை என்று அவரே ஏற்பாடு செய்துகொண்டார். கழுவும்போது மோந்து பார்த்துவிட்டு, நல்லதென்றால் தலையாட்டுவேன். ஆகாதென்றால் வாளியை வலப்பக்கம் வைப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலையோடு குளித்துவிட்டுத்தான் விளக்கு ஏற்றுவேன். எங்களைப் போல ஒட்டிக்கொண்டு திரிகிற புருஷன் பெண்டாட்டியைப் பார்த்ததில்லை என்று ஆம்லெட் போடுகிற ஆள் கேலி பேசுவான். பேசட்டும் என்று விட்டுவிட்டோம். கரண்டியோடு அவர் குழாயடிக்கு வரும்போதெல்லாம், இன்றைக்கு யாராவது கவனித்துவிடுவார்களோ என்று சுற்றிலும் பார்த்துக்கொள்வேன். அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். ஆனாலும் அந்த ஒரு சீசன் நாங்கள் நன்றாக இருந்தோம். சாயிப்புமார் கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து பாங்காக் சாண்ட்விச் கேட்டார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்ப்பார்.

பிறகு நான் உண்டானேன்.

எத்தனை கோயில், எத்தனை நேர்ச்சை. இனி இல்லை என்று மனதை ஆற்றிக்கொண்ட பிறகு வந்தது. அவர் அன்று அழுதார், நானும் அழுதேன். அந்தச் சந்தோஷம் மசக்கை வருகிற வரைதான். எல்லோருக்கும் வருகிற மசக்கைதான், மற்றவர்களுக்கு அது வாந்தியோடு போய்விடும். எனக்கோ மூக்கில் வந்து உட்கார்ந்தது. சோறு வெந்தால் நாறியது. பிச்சிப்பூ நாறியது. விளக்கெண்ணெய் நாறியது. என் துளசியே அழுகின இலை மாதிரி நாறியபோது நான் பின்வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூக்குதான் இருந்தது. அதுவும் போயிற்று.

இறைச்சி வாளியின் முன்னால் உட்கார்ந்தால் அழுகல் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. வலப்பக்கம் வைத்தேன். அவர் அதைக் கொட்டச் சொன்னார். முதலாளி வந்து ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "நல்ல இறைச்சியல்லே இது? எந்தினாணு களையுன்னது?" என்று கேட்டார். நல்ல இறைச்சியை ஏன் கொட்டுகிறாய் என்றால் இவர் என்ன பதில் சொல்வார்? நிறம் பிடிக்கவில்லை என்று ஏதோ உளறினார். மறுபடியும் அதே மாதிரி நடந்தது. இன்னொரு முறை நல்ல இறைச்சி குப்பைக்குப் போனால் நீயும் கூடப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள், முந்தின ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருந்ததாகக் காலையில் சொன்னார்கள். பிரிட்ஜில் முந்தின நாள் இறைச்சி கிடந்தது. என் வீட்டுக்காரர் அதை வாளியில் போட்டு என் முன்னால் வைத்தார். நான் குனிந்தேன். நாறியது. ஆனால் காலையில் குடித்த தண்ணீரும்தான் நாறியது, பஸ்ஸும் நாறியது.

"ஆகாது" என்றேன்.

"நெசமாவா? இல்ல உனக்கு எல்லாம் நாறுத மாதிரி நாறுதா?" என்று என் காதோரம் குனிந்து கேட்டார்.

"தெரியல. எனக்குத் தெரியலையே. வேற யாரையாவது மோந்து பாக்கச் சொல்லும்."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஆம்லெட் போடுகிறவன் இரண்டு முழத்தில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். கொஞ்சம் மோந்து பார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைமைச் சமையல்காரன் எப்படி அந்த வார்த்தையைச் சொல்வான்? இவர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பினார். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அரத்தையும் புல்லும் அன்றைக்கு இரண்டு பங்கு போட்டதாகப் பிறகு சொன்னார். அவை இரண்டும் எதையும் மூடிவிடும். சாப்பிட்டவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவராக விழுந்தார்கள். வாந்தியும் பேதியுமாக, ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். யாரும் சாகவில்லை. பகவதி புண்ணியம், யாரும் சாகவில்லை. முதலாளி அடுக்களைக்குள் வந்து, மிச்சம் கிடந்த பச்சை இறைச்சியில் ஒரு துண்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். இப்படி நாறுகிறதே, தெரியவில்லையா என்று கத்தினார். நான் குழாயடியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பொய் சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"தெரியல முதலாளி" என்றார். "காய்ச்சலுக்குப் பொறவு எனக்கு ஒரு மணமும் தெரியாது."

முதலாளியின் கோபம்கூடப் போய்விட்டது. அவர் இறைச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, போய்க்கோ என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

இரண்டு பேரும் பஸ் ஏறினோம். கிழக்கேகோட்டையில் இறங்கி, கரமனை பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நீ சொன்னதுதான் சரி. நான்தான் நம்பல. இனி நீ என்ன சொன்னாலும் நம்புவேன்" என்றார். எனக்கு அதைக் கேட்கத் தாங்கவில்லை. நான் என்ன சரியாகச் சொன்னேன்? தெரியாது என்றுதானே சொன்னேன்.

அடுக்களைக்காரர்களுக்குள் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? கோவளத்திலிருந்து தம்பானூர் வரைக்கும் மூக்கில்லாத குக் என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தோசைக்கடையில் மாவாட்டக்கூட எடுக்கவில்லை. வீட்டிலும் அடுப்புப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். நான் வைத்ததைத் தின்றார். எப்படி இருக்கிறது என்று ஒருநாள் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். சூடாக இருக்கிறது என்றார்.

கடைசியில் கருவாட்டுக் கிடங்கில் மூட்டை அடுக்குகிற வேலை கிடைத்தது. மற்ற ஆட்கள் அந்த நாற்றம் தாங்காமல் நாலு நாளில் ஓடிவிடுவார்கள். இவர் உள்ளேயே உட்கார்ந்து சோறு தின்றார். இந்த ஆளைப் போல வராது என்று கிடங்குக்காரர் மெச்சினாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு நம்பிக்கை என்று ஒன்று மிச்சமில்லை.

அந்த உடம்போடு என் பக்கத்தில் வரக்கூடாது என்று அவருக்கே தெரியும். ஆற்றில் இறங்கிச் சோப்பு கரைகிற வரை தேய்த்துவிட்டு வருவார். வாசலிலேயே நின்று, "போச்சா?" என்று கேட்பார். இல்லையென்றால் திரும்பப் போய்க் குளிப்பார். மாசம் ஏற ஏற என் மசக்கை விட்டது, மூக்கு பழையபடி தெளிந்தது. அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சில நாள் மூன்றாவது தடவையும் ஆற்றுக்குப் போவார். கருவாடு தோலுக்குள் இறங்கிவிட்டால் எந்த ஆறும் போதாது.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வார்டுக்கு அவர் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, தலையில் ஈரம் சொட்ட வந்தார். அவர் நுழைந்ததும் பக்கத்துக் கட்டில்காரி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள். நல்லவேளை, அவர் அதைப் பார்க்கவில்லை. குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்துப் பிடித்தார். அதன் உச்சந்தலையில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். இன்னும் ஒருமுறை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே வெகுநேரம் நின்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பிறகு குழந்தையை என் மடியில் திரும்ப வைத்தார்.

"பிள்ளை என்ன மணம் மணக்கு ஏளா?"

நான் குனிந்து மோந்தேன். அவர் கையிலிருந்து வந்த குழந்தையின் தலையில் கருவாட்டு நாற்றம் தவிர வேறொன்றும் இல்லை.

"பால் மணம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார்.